லெப்டொப்பில் குறிப்பு, சுவரில் ஸ்லைட் மட்டும்: மல்டிமீடியாவை இரண்டாவது திரையாக அமைப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர் கேட்டிருக்கிறார். பாடசாலைக்கு ஒரு மல்டிமீடியா (புரொஜெக்டர்) கிடைத்திருக்கிறது. மாட்டினால் லெப்டொப்பில் இருப்பதெல்லாம் அப்படியே சுவரிலும் தெரிகிறது. தன் குறிப்புகள் தனக்கு மட்டும் தெரிய வேண்டும், பிள்ளைகளுக்கு ஸ்லைட் மட்டும் போக வேண்டும், அதற்கு என்ன வழி? சில நேரம் படம் ஓரத்தில் வெட்டுப்பட்டு வருவது ஏன்? வேறொருவரின் கொம்பியூட்டரில் போட்டால் தமிழ் எழுத்து குழம்பிப் போவது ஏன்?

டீச்சர், மல்டிமீடியா என்றால் லெப்டொப்பில் தெரிவதைப் பெரிதாக்கிக் காட்டும் சாமான் என்றுதான் நம்மில் பெரும்பாலானவர்கள் நினைக்கிறோம். விண்டோஸ் அதை அப்படிப் பார்ப்பதில்லை. அதற்கு அது இன்னொரு மொனிட்டர், தனக்கென்று ஓர் அளவும் தனக்கென்று சத்தம் போகும் வழியும் உள்ள இரண்டாவது திரை. நீங்களும் அப்படியே நினைத்து அமைத்தால் உங்கள் பிரச்சினைகளில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். எழுத்துப் பிரச்சினை மட்டும் வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் மல்டிமீடியாவைப் போட்டு, கேபிளை மாட்டி, அது வெளிச்சம் பிடிக்கும் வரை பொறுங்கள். பிறகு லெப்டொப்பில் விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு பி (P) எழுத்தை அழுத்துங்கள். நான்கு தெரிவுகள் வரும். முதலாவது, லெப்டொப் திரை மட்டும். இரண்டாவது டூப்ளிகேட், அதாவது இரண்டிலும் ஒரே படம்; உங்களுடையது இப்போது இருப்பது இதில்தான். மூன்றாவது எக்ஸ்டெண்ட். நான்காவது, மல்டிமீடியாவில் மட்டும். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. அம்புக்குறி விசையால் அதற்குப் போய் என்டர் அடியுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது ஒன்றுதான். பாடசாலை லெப்டொப்கள் பலவற்றில் இன்னும் 10 தான் இருக்கிறது. அதற்கான மைக்ரோசொஃப்டின் இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டாலும் இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

எக்ஸ்டெண்ட் போட்டதும் சுவரில் வெறும் பின்னணிப் படம் மட்டும் தெரியும், ஐக்கன் ஒன்றும் இருக்காது. பழுதாகிவிட்டது என்று நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பயந்து மறுபடி டூப்ளிகேட்டுக்குப் போய்விடுகிறார்கள். பழுது ஒன்றும் இல்லை. மேசையோடு இன்னொரு மேசையை ஒட்டிப் போட்ட மாதிரி உங்கள் திரை இப்போது நீண்டிருக்கிறது, அந்த இரண்டாவது மேசையில் நீங்கள் இன்னும் எதையும் வைக்கவில்லை, அவ்வளவுதான். பின்னணியை வெறும் கறுப்பாக மாற்றி வைத்துவிட்டால் ஸ்லைட் தொடங்கும் வரை சுவரும் அமைதியாக இருக்கும், வீட்டுப் படம் ஒன்றைப் பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டு இருக்கவும் வேண்டியதில்லை.

அடுத்த தொல்லை, மவுஸ் அம்பு காணாமல் போவது. அது போய் நிற்பது சுவரில். டெஸ்க்டொப்பில் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து டிஸ்பிளே செட்டிங்ஸுக்குப் போனால் 1, 2 என்று இலக்கமிட்ட இரண்டு பெட்டிகள் இருக்கும். ஐடென்டிஃபை என்பதை அழுத்தினால் எது லெப்டொப், எது சுவர் என்று பெரிய இலக்கமாகக் காட்டும். 2ஆம் பெட்டியை இழுத்து 1இன் வலது பக்கத்தில், மேல் விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வைத்து அப்ளை கொடுங்கள். நீங்கள் பிள்ளைகளைப் பார்த்து நிற்கிறீர்கள், சுவர் உங்கள் முதுகுக்குப் பின்னால், ஆகவே நிஜத்தில் எந்தப் பக்கம் என்ற கேள்வியே இல்லை. எப்போதும் வலது என்று பழகிக்கொள்வதுதான் முக்கியம். அம்பு லெப்டொப்பின் வலது ஓரத்தைத் தாண்டினால் சுவருக்குப் போகும், இடது பக்கம் தள்ளிக்கொண்டே வந்தால் திரும்பி வரும். இதே பக்கத்தில், லெப்டொப் பெட்டியைத் தெரிவு செய்து, அதுதான் பிரதான திரை என்று டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுவர் பிரதான திரையானால் ஐக்கன்கள், வாட்ஸ்அப் அறிவிப்புகள் எல்லாம் பிள்ளைகள் முன்னால்தான் வந்து விழும். லெப்டொப் பிரதானமாக இருந்தால் அறிவிப்பு உங்களிடமே நின்றுவிடும். என்றாலும் டூ நொட் டிஸ்டேர்ப் (விண்டோஸ் 10இல் அதன் பெயர் ஃபோகஸ் அசிஸ்ட்) என்பதைப் போட்டுவிடுங்கள்.

இனி பவர்பொயின்ட். ஸ்லைட் ஷோ டேபைத் திறந்தால் யூஸ் பிரசென்டர் வியூ என்று ஒரு சிறு கட்டம் இருக்கும், அதில் டிக் போடுங்கள். பக்கத்தில் மொனிட்டர் என்று இருப்பதை ஒட்டோமெட்டிக்கிலேயே விடலாம். எஃப்5 அடித்ததும் சுவரில் ஸ்லைட் முழுத்திரையாக வரும். உங்கள் லெப்டொப்பில் இப்போதைய ஸ்லைட், அடுத்து வரப்போகும் ஸ்லைட், கீழே உங்கள் குறிப்பு, மேலே எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று காட்டும் கடிகாரம் எல்லாம் இருக்கும். குறிப்பின் எழுத்தைப் பெரிதாக்க அதன் கீழேயே ஏ எழுத்துப் போட்ட இரண்டு பொத்தான்கள் உண்டு. நின்றுகொண்டு படிப்பிப்பவர்களுக்கு அது பெரிய உதவி. சில நேரம் குறிப்பு சுவரிலும் ஸ்லைட் லெப்டொப்பிலும் மாறி வந்துவிடும். அப்போது கேபிளைக் கழற்ற வேண்டாம், பிரசென்டர் வியூவின் மேலேயே டிஸ்பிளே செட்டிங்ஸ் என்று இருக்கும், அதற்குள் ஸ்வொப் என்பதை அழுத்தினால் இடம் மாறிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஸ்லைட் தாண்டுவது. பிரசென்டர் வியூவில் எல்லா ஸ்லைட்டையும் சின்னச் சின்னப் படமாகக் காட்டும் பொத்தான் ஒன்று இருக்கிறது. உணவுச் செரிமானம் படிப்பிக்கும்போது ஒரு பிள்ளை போன பாடத்தில் வந்த நொதியம் பற்றிக் கேட்டால், சுவரில் இப்போதைய ஸ்லைட் அப்படியே நிற்க, நீங்கள் லெப்டொப்பில் தேடி எடுத்து ஒரே கிளிக்கில் அந்தப் படத்துக்குப் போகலாம். ஸ்லைட் இலக்கம் தெரிந்தால் இன்னும் சுலபம்: 14 என்று தட்டி என்டர். பி (B) எழுத்தை அழுத்தினால் சுவர் கறுப்பாகிவிடும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். விளக்கம் சொல்லும்போது சுவரை அணைத்துவிடுங்கள், பிள்ளைகளின் கண் தானாக உங்களிடம் வரும். நல்ல ஆசிரியர்கள் மல்டிமீடியாவை இயக்குவதைப் பார்த்தால் அவர்கள் அதை அணைத்து வைக்கும் நேரமும் நிறைய இருக்கும்.

பவர்பொயின்ட் இல்லாத கணினி என்றால் லிப்ரஒஃபிஸ் இம்ப்ரெஸ் இலவசம், அதிலும் பிரசென்டர் கொன்சோல் என்று இதே வசதி இருக்கிறது. திரைகளை மாற்ற அங்கே எக்ஸ்சேஞ்ச் பொத்தான். கூகிள் ஸ்லைட்ஸில் பிரசென்டர் வியூ தனி வின்டோவாக வரும். அதை லெப்டொப்பில் வைத்துக்கொண்டு ஸ்லைட் வின்டோவைச் சுவருக்கு அனுப்பி முழுத்திரையாக்க வேண்டும். எந்த வின்டோவானாலும் விண்டோஸ் விசை, ஷிஃப்ட், வலது அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது அடுத்த திரைக்குத் தாவும். வீடியோ காட்டும்போது இதுதான் வழி. வீஎல்சியைத் திறந்து, சுவருக்குத் தாவவிட்டு, அங்கே முழுத்திரையாக்குங்கள். அதுவரை கோப்பைத் தேடுவது, ஃபோல்டர் திறப்பது எல்லாம் உங்கள் திரையிலேயே நடக்கட்டும். ஒரு சிறு எச்சரிக்கை: கையில் வைத்து ஸ்லைட் மாற்றும் கிளிக்கர் விண்டோஸுக்கு ஒரு கீபோர்ட்தான். நீங்கள் இடையில் வேறு எதையாவது கிளிக் செய்திருந்தால் அதன் அழுத்தம் அங்கேதான் போகும், ஸ்லைட் நகராது. பிரசென்டர் வியூவின் மேல் ஒரு தடவை கிளிக் செய்தால் மறுபடி வேலை செய்யும். பெட்டரி போய்விட்டது என்று கழற்றிப் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள்.

சரி, படம் வெட்டுப்படுவது. ஒவ்வொரு மல்டிமீடியாவுக்கும் சொந்த அளவு (ரெசொலூஷன், அதாவது படப்புள்ளிகளின் எண்ணிக்கை) ஒன்று உண்டு. பழைய வகுப்பறை மெஷின்கள் பெரும்பாலும் 1024க்கு 768, அதாவது 4க்கு 3 வடிவம். கொஞ்சம் புதியவை 1280க்கு 800. இப்போதைய லெப்டொப்கள் 1366க்கு 768 அல்லது 1920க்கு 1080, அகலமானவை. டூப்ளிகேட்டில் இரண்டு திரைக்கும் பொதுவான ஒரே அளவை விண்டோஸ் தேட வேண்டியிருப்பதால் ஒன்று லெப்டொப் மங்கும், இல்லையென்றால் சுவரில் ஓரம் போகும். எக்ஸ்டெண்டில் அந்தச் சண்டை இல்லை. டிஸ்பிளே செட்டிங்ஸில் 2ஆம் பெட்டியைக் கிளிக் செய்துவிட்டு ரெசொலூஷன் பட்டியலில் ரெகமண்டட் என்று அடைப்புக்குறியில் இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். அதன் பிறகும் ஓரம் போனால், விஜிஏ கேபிள் என்றால் மல்டிமீடியாவின் ரிமோட்டில் ஒட்டோ என்ற பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் சரியாகிவிடும். எச்டிஎம்ஐ என்றால் மல்டிமீடியாவின் மெனுவில் ஆஸ்பெக்ட், ஸூம், ஓவர்ஸ்கேன் ஆகியவற்றைப் பாருங்கள், யாரோ மாற்றி வைத்திருப்பார்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது வேறு விஷயம். அகலமான ஸ்லைட்டை 4க்கு 3 மெஷினில் போட்டால் அப்படித்தான் வரும். உங்கள் பாடசாலை மெஷின் 4க்கு 3 என்றால் டிசைன் டேபில் ஸ்லைட் சைஸையும் அதற்கே மாற்றி, அதன் பிறகு ஸ்லைட் செய்யத் தொடங்குங்கள். செய்து முடித்த பிறகு மாற்றினால் படங்களும் பெட்டிகளும் இடம் பெயர்ந்து, மறுபடி ஒவ்வொன்றாக அடுக்க வேண்டி வரும்.

கேபிள் விஷயத்தைக் கடையில் ஏமாறாத அளவுக்குச் சொல்கிறேன். விஜிஏ 1987இல் வந்தது, 15 முள், நீலத் தலை, இருபக்கமும் ஸ்குரூ. அதில் சத்தம் போகாது. புதிய லெப்டொப்களில் அந்தத் துளையே இல்லை, எச்டிஎம்ஐ மட்டும் இருக்கும். பழைய மெஷினில் எச்டிஎம்ஐ இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு கொன்வேட்டர் வேண்டும். ஹட்டன் டவுனில் கேட்டு வாங்கும்போது எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள். எதிர்த்திசைக்கு உள்ளது தோற்றத்தில் கிட்டத்தட்ட இதே மாதிரி இருந்தாலும் உங்களுக்கு வேலை செய்யாது. உள்ளே சிப் இல்லாமல் வெறும் வயராக ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ என்று வருவதையும் வாங்க வேண்டாம். சத்தத்துக்குத் தனித் துளையும், மின்சாரம் எடுக்க ஒரு சின்ன யூஎஸ்பி துளையும் இருக்கிற கொன்வேட்டர் கொஞ்சம் விலை கூட, ஆனால் அதையே வாங்குங்கள். சில லெப்டொப்களின் எச்டிஎம்ஐ துளையிலிருந்து வரும் மின்சாரம் கொன்வேட்டருக்குப் பற்றாமல் படம் வந்து வந்து போகும். யூஎஸ்பி-சி மட்டும் உள்ள லெப்டொப் என்றால், அந்தத் துளை படம் அனுப்பக்கூடியதா என்று லெப்டொப்பின் விபரத்தில் பார்த்துவிட்டுத்தான் எடப்டர் வாங்க வேண்டும், எல்லா யூஎஸ்பி-சியும் படம் அனுப்புவதில்லை. மல்டிமீடியாவை ஹோலின் நடுவில் வைக்க நீண்ட வயர் வேண்டுமென்றால், நல்ல விஜிஏ கேபிள் 15 மீட்டர் வரை தாங்கும். சாதாரண எச்டிஎம்ஐ 10 மீட்டரை நெருங்கும்போதே தகராறு செய்யத் தொடங்கும்.

எச்டிஎம்ஐ மாட்டியதும் லெப்டொப்பில் சத்தம் நின்றுவிட்டதா? அது மல்டிமீடியாவுக்குப் போய்விட்டது. இரண்டாவது திரைக்குத் தனிச் சத்த வழி இருக்கிறது என்று சொன்னேனே, அதுதான் இது. வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் ஐக்கனைக் கிளிக் செய்து வெளியேறும் இடத்தை மாற்றுங்கள். லெப்டொப்பிலிருந்து தனி ஸ்பீக்கருக்கு வயர் போட்டிருந்தால் லெப்டொப்பையே தெரிவு செய்ய வேண்டும்.

படமே வரவில்லை, நோ சிக்னல் என்று நீலமாக நிற்கிறது என்றால் பதறாமல் மல்டிமீடியாவின் சோர்ஸ் பொத்தானை அழுத்திச் சரியான துளைக்கு மாற்றுங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். பிறகு கேபிளின் இரு முனையையும் கழற்றி மாட்டுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். திரை ஒரு கணம் கறுத்து, கிராஃபிக்ஸ் புதிதாகத் தொடங்கும். உங்கள் வேலை எதுவும் அழியாது.

இப்போது எழுத்து. நம் பாடசாலைகளில் வினாத்தாள், சுற்றறிக்கை, ஸ்லைட் என்று பலவும் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் ஓடுகின்றன. பாமினி யுனிகோட் அல்ல, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் அவை தமிழாகத் தெரியும். அது இல்லாத கணினியில் அம்மா என்று எழுதிய இடத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளும், புள்ளி வைத்த இடத்தில் அரைப்புள்ளியும் வந்து நிற்கும், ஏனென்றால் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரிய விசை அதுதான். புதிய ஸ்லைட்களை யுனிகோடில் எழுதிப் பழகுங்கள், நிர்மலா யூஐ எழுத்துரு விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது, எங்கே போட்டாலும் தெரியும். பழையவற்றை எழுத்து மாற்றும் கருவி ஒன்றில் போட்டு மாற்றலாம், மாற்றிய பிறகு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். அதற்கு நேரம் இல்லை, நாளைக்கே வேண்டும் என்றால் பவர்பொயின்டில் ஃபைல், ஒப்ஷன்ஸ், சேவ் என்று போய் எம்பெட் ஃபொன்ட்ஸ் என்பதில் டிக் போட்டுச் சேமியுங்கள், எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும். எழுத்துருவின் உரிமம் இடம் கொடுத்தால்தான் இது நடக்கும், அதனால் பிடிஎஃப் பிரதி ஒன்றையும் பென் டிரைவில் வைத்திருப்பது நல்லது. அளவு 28க்குக் கீழே போக வேண்டாம். நம் எழுத்தில் சுழியும் கொம்பும் நெருங்கி வருவதால், ஆங்கிலம் வாசிக்க முடிகிற அளவில் ணகரமும் னகரமும் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குக் குழம்பும்.

இதையெல்லாம் பழக மல்டிமீடியா வேண்டியதில்லை. வீட்டு எல்ஈடி டீவியில் எச்டிஎம்ஐ துளை இருக்கும், லெப்டொப்பை அதில் மாட்டி எக்ஸ்டெண்ட் போட்டால் விண்டோஸுக்கு அதுவும் ஒரு இரண்டாவது திரைதான். டீவியும் இல்லையென்றால் ஓல்ட் (Alt) விசையோடு எஃப்5 அடியுங்கள், பிரசென்டர் வியூ மட்டும் லெப்டொப்பில் வரும், ஒத்திகை பார்க்கலாம்.

அப்புறம் நம் மலைக்கென்றே சில விஷயங்கள். ஹோலின் கூரைத் தகட்டில் வெளிச்சத்துக்காகப் போட்ட கண்ணாடித் தகடுகளும், கொழுந்து நிறுக்கும் மடுவம் என்றால் மூன்று பக்கமும் திறப்பும் இருக்கும், 3000 லூமன் வெளிச்சம் தரும் மெஷின்கூட அங்கே பகலில் திணறும். ஜன்னலுக்குக் கம்பளிதான் மலிவான, நல்ல திரை. வெளிச்சத்தைச் சுத்தமாக மறைக்க முடியாவிட்டால் படத்தைச் சிறிதாக்குங்கள், மெஷினைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோனாலே படம் சின்னதாகி வெளிச்சம் கூடும். மெஷினைச் சாய்த்து வைத்துவிட்டுக் கீஸ்டோனால் நேராக்குவதைவிட, மேசையைச் சுவருக்கு நேராக, சரியான உயரத்தில் வைப்பது மேல், ஏனென்றால் கீஸ்டோன் படத்தை நசுக்கித்தான் நேராக்குகிறது, சின்ன எழுத்து அதில் மங்கும்.

ஜனவரிக் குளிரில் களஞ்சிய அறையில் கிடந்த மெஷினைப் பிள்ளைகள் நிறைந்த சூடான வகுப்புக்குள் கொண்டுவந்து உடனே போட வேண்டாம், லென்ஸிலும் உள்ளேயும் ஈரம் படிந்திருக்கும். அரை மணி, ஒரு மணி நேரம் வகுப்பிலேயே வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போடுங்கள். உயரமும் கணக்கு. பல மல்டிமீடியாக்களில் ஹை அல்டிடியூட் என்று ஒரு தெரிவு மெனுவில் இருக்கும், பெரும்பாலானவை 1500 மீட்டருக்கு மேலே அதைப் போடச் சொல்கின்றன. மேலே போகப் போகக் காற்று மெல்லிதாவதால் விசிறி கூடுதலாகச் சுற்றினால்தான் லாம்ப் ஆறும். ஹட்டன், பண்டாரவளை எல்லாம் 1200க்குச் சற்று மேலே, அங்கே தேவையில்லை. நுவரெலியா 1868 மீட்டர், அங்கே போட்டே ஆக வேண்டும், போடாவிட்டால் சூடேறி நடுவில் அணையும். மெஷினை வலயக் கூட்டத்துக்கு நுவரெலியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் லெப்டொப்புக்குப் பெட்டரி இருக்கிறது, மல்டிமீடியாவுக்கு இல்லை. மரம் விழுந்து லைன் அறுகிற காற்று மாதங்களில் சின்ன யூபிஎஸ் ஒன்று இருந்தால் பாடம் தொடராது, ஆனால் மெஷினை ஒழுங்காக அணைக்கும் நேரம் கிடைக்கும். பழைய லாம்ப் மெஷின்களை அணைத்த பிறகும் விசிறி நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்கக் கூடாது, சூடாக இருக்கும்போதே விசிறி நின்றால் லாம்பின் ஆயுள் குறையும், புது லாம்பின் விலையைக் கேட்டால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கே தலை சுற்றும். பிளக்கும் ஒரு தலையிடிதான். இப்போதைய மெஷின்களுக்கு 13 ஆம்பியர் சதுர முள், தோட்டத்துப் பழைய கட்டடங்களில் இன்னும் வட்டத் துளை. எடப்டரைச் செருகி அதன்மேல் இன்னொரு எடப்டர் என்று அடுக்காமல், ஏர்த் வயர் உள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் ஒன்றை, அந்த ஹோலின் துளைக்கு ஏற்ற பிளக்கோடு, எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். லெப்டொப் சார்ஜரும் மல்டிமீடியாவும் ஒரே எக்ஸ்டென்ஷனில் இருந்தால் சுவர்ப் படத்தில் மெல்லிய கோடுகள் ஓடும் தொல்லையும் பெரும்பாலும் வராது.